2,40,000 ரூபாய் இருக்கிறது: ஆள் சேர்ப்பதா, ஆய்வுக்குக் கொடுப்பதா?

வெண்ணாற்றங்கரை:

ஊர் மன்னார்குடிப் பக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமானது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

ஒருவர் இறந்தவுடன் உடலைக் குளிரவைத்து, ரத்தத்துக்குப் பதிலாக உறைதடுப்புக் கரைசலை ஏற்றி, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் வைத்துவிடுவது. என்றாவது மருத்துவம் வளர்ந்தால் எழுப்பிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது. இதுதான் கிரையோனிக்ஸ். இதைப் பற்றி நாங்கள் ஒன்பது பேர் நாலு வருடமாகப் பேசி வருகிறோம். வாத்தியார் இரண்டு பேர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், நெல் வியாபாரி ஒருவர், மீதிப் பேர் என்னைப் போல ஊரில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் 2,40,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. காசு சேரும்வரை சண்டை இல்லை, சேர்ந்ததும் இரண்டு கட்சியாகிவிட்டோம்.

ஒரு கட்சி சொல்வது: தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போடுவோம், யூடியூப் சேனல் ஆரம்பிப்போம், ஒன்பது தொள்ளாயிரம் ஆகட்டும், ஆள் இருந்தால் வக்கீல் வருவார், டாக்டர் வருவார், அரசாங்கமும் காது கொடுக்கும். இன்னொரு கட்சி: உறைய வைத்த ஒரு எலிகூட இன்னும் முழுசாக எழுந்து ஓடவில்லை, முதலில் ஆய்வுக்குக் கொடு, ஆள் தானாக வரும்.

நான் முதல் கட்சி. நோட்டீஸ்கூட 2,000 அடித்து வைத்துவிட்டேன், "மரணத்தை வெல்வோம்" என்று கொட்டை எழுத்தில். ஆனால் போன மாதம் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் சின்னக் கூட்டம் போட்டோம், பதினான்கு பேர் வந்தார்கள். முக்கால் மணி நேரம் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "இதுவரைக்கும் எத்தனை பேர் எழுந்து வந்திருக்காங்க தம்பி?" என்றார். யாரும் இல்லை ஐயா என்றேன். "அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்துக் கிளம்பிவிட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சினை ஊசி:

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறவன். உங்கள் ஒன்பது பேரில் யாராவது திரவ நைட்ரஜனைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். பைக்கில் கட்டியிருக்கும் அந்த அலுமினியக் கேனுக்குள் காளையின் உறைவிந்து இருக்கிறது, கால் மில்லி பிடிக்கிற மெல்லிய குச்சிகளில், அதே மைனஸ் 196ல். எடுத்து 37 டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் உயிரோடு நீந்தும். ஆக உறைய வைத்து எழுப்புவது கதை இல்லை, இந்த டெல்டாவில் தினம் தினம் நடப்பதுதான்.

ஆனால் அது எப்படி வந்தது? 1949ல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்று மூன்று பேர் சேவல் விந்தை உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த பாட்டிலில் கிளிசரின் இருந்திருக்கிறது, பாட்டில் மாறிப்போனதால் கிடைத்த விடை அது. கிளிசரின் இல்லாவிட்டால் செல்லுக்குள் பனிக்கட்டி ஊசி ஊசியாக உருவாகி எல்லாவற்றையும் கிழித்துவிடும். உறைவிந்துக்கு யாரும் முதலில் ஆள் சேர்க்கவில்லை. கன்று பிறந்தது, விவசாயி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

இன்னொன்று, கால் மில்லிக் குச்சி வேறு, 60 கிலோ மனிதர் வேறு. குச்சி முழுக்க ஒரே நொடியில் குளிரும், ஒரே நொடியில் சூடாகும். பெரிய உறுப்பில் வெளிப்பக்கம் உருகும்போது உள்பக்கம் இன்னும் உறைந்திருக்கும், அங்கேதான் விரிசல் விடும். உங்கள் சிக்கல் பனிக்கட்டிகூட இல்லை, சமமாகச் சூடாக்குவதுதான். இது தெரியாமல் நோட்டீஸ் அடித்தால் அந்தப் பெரியவர் மாதிரி ஒவ்வொருவரும் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

ஆள் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்த மருந்தெல்லாம் வீண். நைட்ரஜன் கேன் மட்டும் அசையவில்லை, அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் சின்னக் கேன் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும், அதற்குள் யாராவது ஊற்றியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வேறொரு சமயம் லீவில் போனவர் யாரிடமும் சொல்லாமல் போய், வந்து பார்த்தால் கேன் காய்ந்து கிடந்தது. உள்ளே இருந்த குச்சி எல்லாம் குப்பை. உங்கள் ஆட்கள் நூறு இருநூறு வருடம் கிடக்கப் போகிறவர்கள். அத்தனை வருடமும் ஊற்றப்போவது யார்?

பாலிசி பக்கிரி:

பட்டுக்கோட்டையில் 22 வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆள் சேர்ப்பு பற்றி எனக்குத் தெரியாததா தம்பி!

அமெரிக்காவில் இதற்கு ஆயுள் காப்பீட்டில்தான் காசு கட்டுகிறார்கள் என்று படித்தேன். மிச்சிகனில் இருக்கும் நிறுவனத்தில் 28,000 டாலர், அரிசோனாவில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல், பாலிசித் தொகை செத்த பிறகு அவர்களுக்குப் போகும். இங்கே நாமினி என்றால் பெண்டாட்டி, பிள்ளை. அந்த இடத்தில் கடல் தாண்டி இருக்கும் ஓர் எஃகு உருளையின் சொந்தக்காரர் பெயரைப் போடச் சொல்லி நான் ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு அம்மா என்னை எதால் அடிப்பார் என்று மட்டும்தான் யோசிக்க வேண்டும்.

கூட்டம் சேர்ந்தால் சட்டம் வழிவிடும் என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். பஞ்சாபில் நூர்மஹலில் 2014 ஜனவரியில் ஒரு சாமியார் இறந்துவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள், பக்தர்கள் சமாதி நிலை என்று சொல்லி ஃப்ரீசரில் வைத்தார்கள், கேஸ் நடந்து 2017ல் உயர் நீதிமன்றமே வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆட்கள் லட்சக்கணக்கில், அதனால் உடல் அங்கே இருக்கிறது. ஆனால் ஃப்ரீசர் ஃப்ரீசர்தான். ஆள் கூடினதற்காக அது ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுமா?

கும்மோணம் டூ ஃபீனிக்ஸ்:

பக்கிரி அண்ணன் சொன்ன அரிசோனா எனக்குப் பக்கத்து ஊர். ஸ்காட்ஸ்டேலில் அல்கோர் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனத்தின் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள், ஒருமுறை போனேன். ஆளை விட உயரமான எஃகு உருளைகள், ஒவ்வொன்றிலும் நாலு பேர், தலைகீழாக. ஏன் தலைகீழ் என்றால் நைட்ரஜன் குறைந்தால் கால்தான் முதலில் வெளியே தெரியும், தலை கடைசிவரை முழுகியிருக்கும். சினை ஊசி அண்ணன் கேட்ட கேள்வியை இவர்கள் எவ்வளவு பயந்து யோசித்திருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது, சொல்கிறேன்.

இந்த இயக்கம் ஆரம்பித்ததே ஆள் சேர்ப்பில்தான். ராபர்ட் எட்டிங்கர் மிச்சிகனில் இயற்பியல் ஆசிரியர். விஞ்ஞானிகள் யாராவது தொடங்குவார்கள் என்று பல வருடம் காத்திருந்தார், யாரும் அசையவில்லை, 1960ல் பிரபலங்கள் பட்டியலிலிருந்து 200 பேர் அளவில் பொறுக்கி அவர்களுக்கு எழுதினார், அதுவும் பிசுபிசுத்தது. அப்புறம்தான் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1964ல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை வெளியிட்டதும் ஊரெங்கும் சங்கங்கள் முளைத்தன. 1967 ஜனவரி 12ல் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரை உறைய வைத்தார்கள். அவர்தான் முதல் ஆள். அப்போது கையில் ஆய்வு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

அதை நடத்தியவர்களில் ஒருவர் ராபர்ட் நெல்சன், டிவி ரிப்பேர் செய்தவர், கலிஃபோர்னியா சங்கத்தின் தலைவர். அவர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார். சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் கல்லறைத் தோட்டத்தில் நிலவறை கட்டி உடல்களை வைத்தார். செலவுக்கு உறவினர்கள் மாதாமாதம் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு வருடம் அனுப்புவார்கள், மூன்றாவது வருடம் பெண்ணுக்குக் கல்யாணம் என்பார்கள், நம் ஊரில் நடக்காததா. நைட்ரஜன் நின்றது, உடல்கள் உருகிக் கெட்டுப்போயின, 1979ல் விஷயம் வெளியே வந்து வழக்காகிவிட்டது. 1973க்கு முன் உறைய வைக்கப்பட்டவர்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவர் பெட்ஃபோர்ட் ஒருவர்தான். அவரும் எந்தச் சங்கத்தாலும் பிழைக்கவில்லை, குடும்பத்தார் உடலைத் தங்கள் பொறுப்பில் எடுத்து இடம் இடமாக மாற்றிக் காப்பாற்றினார்கள்.

எங்கள் ஊருக்குக் கிட்டே திருவாவடுதுறை. திருமூலர் கதை தெரியும்தானே? மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, மாடுகள் அழுவதைப் பார்த்துச் சித்தர் தன் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்து மாடுகளை வீட்டில் சேர்க்கிறார். திரும்பி வந்து பார்த்தால் வைத்த உடலைக் காணோம்! சாட்ஸ்வொர்த் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. திருமூலருக்காவது மாற்று உடல் இருந்தது.

சரி, ஆய்வுப் பக்கம் வருகிறேன். இந்தக் கூச்சலால் உண்மையான உறைநிலை உயிரியலாளர்கள், அதாவது செல்லையும் உறுப்பையும் உறைய வைத்து ஆராய்கிறவர்கள், மிரண்டுபோனார்கள். அவர்கள் சங்கம் 1982ல் விதியையே திருத்தியது, இறந்தவரை உறைய வைக்கிறவருக்கு இங்கே இடமில்லை என்று. வேலை போய்விடுமோ என்று பயந்து நல்ல ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பக்கம் தலைவைக்கவே இல்லை. ஆகவே உங்கள் முதல் கட்சிக்காரர்களிடம் சொல்லுங்கள்: ஆள் சேர்ப்பு ஆய்வுக்கு உதவாமல் போவது மட்டும் இல்லை, சில சமயம் ஆய்வை விரட்டியும் விடும். சேர்க்கிறவன் நம்பிக்கையைப் பேச வேண்டும், ஆய்வு செய்கிறவன் தோல்வியைப் பேச வேண்டும். இரண்டையும் ஒரே வாய் பேச ஆரம்பித்தால் எது முதலில் பொய்யாகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கிரெக் ஃபாஹி என்ற ஆராய்ச்சியாளர் முயலின் சிறுநீரகத்தைப் பனிக்கட்டி உருவாகவிடாமல் கண்ணாடி போல ஆக்கி மைனஸ் 130க்குக் கீழே கொண்டுபோய், திரும்பச் சூடாக்கி முயலுக்கே பொருத்தி, அந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு அது பிழைத்திருந்ததை 2009ல் வெளியிட்டார். அவருடைய ஆய்வகம் நின்றதே சால் கென்ட் போன்ற கிரையோனிக்ஸ் நம்பிக்கையாளர்களின் காசில். யாரோ எப்போதோ அவர்களைச் சேர்த்திருக்கிறார்கள்! ஆகவே ஆள் சேர்ப்பு முழுக்க வீண் என்று நான் சொல்லத் தயாரில்லை. என்ன, உங்கள் 2,40,000 இங்கே மூவாயிரம் டாலர்கூட ஆகாது. இங்கே அனுப்பாதீர்கள்.

நைட் டூட்டி:

தஞ்சாவூரில் ஐசியூ நர்ஸ். எல்லோரும் ஃப்ரீசர், உருளை என்று பேசுகிறீர்கள், இறந்த அந்த முதல் அரை மணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ரத்தம் நின்று ஐந்து நிமிடத்தில் மூளை சேதமாக ஆரம்பிக்கும். அமெரிக்காவில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு குழு பனிக்கட்டியோடு காத்திருக்கிறதாம். இங்கே மே மாதம் மன்னார்குடியில் ஒருவர் இறந்தால் டாக்டர் வந்து சான்றிதழ் எழுதுவதற்குள் என்ன ஆகும்? அப்புறம் திருச்சி விமான நிலையம். உடலை வெளிநாட்டுக்கு ஏற்ற எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள், அதாவது ஃபார்மலின் ஏற்ற வேண்டும், அதை ஏற்றியபின் உறைதடுப்புக் கரைசல் எங்கே போகும்? இன்றைய தேதியில் டெல்டாவில் நீங்கள் ஒருவரைச் சேர்த்தீர்கள் என்றால், உங்களால் கொடுக்கவே முடியாத ஒன்றுக்குக் கையெழுத்து வாங்குகிறீர்கள். வெண்ணாற்றங்கரை தம்பி கோபப்படக் கூடாது.

ஃபீனிக்ஸ்காரர் முயலைச் சொன்னார், நான் எலியைச் சொல்கிறேன். 2023ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலிச் சிறுநீரகங்களை அப்படியே கண்ணாடியாக்கி 100 நாள் வரை வைத்திருந்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை உள்ளே ஏற்றி, காந்தப் புலத்தில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூடாக்கி, எலிகளுக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். சினை ஊசி அண்ணன் சொன்ன அதே சமமாகச் சூடாக்கும் சிக்கல்தான். அந்தக் குழு கிரையோனிக்ஸ்காரர்கள் இல்லை, உறுப்பு மாற்றுக்காகச் செய்தவர்கள். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இதயத்தை எடுத்தால் நாலு முதல் ஆறு மணி நேரம், சிறுநீரகம் என்றால் ஒன்றரை நாள் அளவு, அதற்குள் ஆளைப் பிடித்து, பொருத்தம் பார்த்து, ஆம்புலன்ஸ் ஓட்டி. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவருக்கு 2023லிருந்து அரசு மரியாதையோடு அடக்கம் நடக்கிறது, குடும்பங்கள் முன்வருகிறார்கள், நேரம்தான் பற்றவில்லை. பேச வேண்டும் என்றால் இந்த ஆய்வைப் பற்றி ஊரில் பேசுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உறுப்பு தானக் கூட்டத்தில் போய் உங்கள் நோட்டீஸைக் கொடுத்துவிடாதீர்கள். செத்தவரை எழுப்புவோம் என்கிற பேச்சு பக்கத்தில் வந்தால், மூளைச்சாவு என்று நாங்கள் சொல்வதை ஒரு குடும்பமும் நம்பாது.

வெண்ணாற்றங்கரை:

அக்கா, கோபம் இல்லை, ஆனால் வலிக்கிறது. கடைசி வரி எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் அடுத்த கூட்டத்தை உறுப்பு தான முகாமோடு சேர்த்துப் போடத்தான் திட்டம் வைத்திருந்தோம்.

ஒரு சந்தேகம். யாரையும் சேர்க்காமல் ஒன்பது பேராகவே இருந்தால் பத்து வருடத்தில் நாங்கள் ஏழு பேராவோம், அப்புறம் நாலு. எதையும் பரப்பாமல் காப்பாற்ற முடியுமா?

தங்கச் சம்பா:

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கிறது. எங்கள் நிலம் ஆதிரெங்கத்துக்குப் பக்கம். நெல் ஜெயராமன் ஐயா பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், 2018ல் அவர் போகும்போது 170க்கு மேல். அவர் அதை டப்பாவில் அடைத்து வைக்கவில்லை. நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் சந்தா. வாங்கினவர் வயலில் போட்டுப் பார்ப்பார், சாய்ந்ததா, வெள்ளத்தில் நின்றதா, எத்தனை நாளில் அறுத்தோம் என்று வந்து சொல்வார். சேர்ந்த ஆளே ஆய்வும் செய்தார். விதை வங்கியில் மைனஸ் 18ல் வைக்கிற விதையைக்கூட அவ்வப்போது எடுத்து முளைப்புப் பார்த்து, முளைப்பு குறைந்தால் வயலில் போட்டுப் புதுப்பித்துத்தான் திரும்ப வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒருநாள் வெறும் உமிதான் மிஞ்சும்.

உங்களுடையதில் எனக்கு இடிப்பது அதுதான். உள்ளே வைத்தவரை எடுத்து முளைப்புப் பார்க்க முடியாது. சேர்ந்தவருக்குச் செய்வதற்கு வேலையும் இல்லை, சந்தா கட்டிவிட்டுச் சாகக் காத்திருப்பது தவிர. வேலை இல்லாத கூட்டம் பேசிக்கொண்டே கலைந்துவிடும், இல்லாவிட்டால் பக்தியாகிவிடும். முளைப்புப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்றைக் கையில் எடுங்கள், அதைச் செய்ய எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேரைச் சேருங்கள்.

சினை ஊசி:

அம்மா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. உம்பளாச்சேரி மாடு குறைந்துகொண்டே வருகிறது, கொருக்கைப் பண்ணையில் அரசு வைத்திருக்கிறது, வீடுகளில் எண்ணிக்கை கம்மி. ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் மேற்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். கருமுட்டை, சினைப்பைத் துண்டு இதையெல்லாம் உறைய வைத்துச் சூடாக்குவதில் இன்னும் எவ்வளவோ தகராறு இருக்கிறது. அமெரிக்காவில் மூவாயிரம் டாலர் தூசு, இங்கே ஒரு பிள்ளைக்குக் கெமிக்கல் வாங்க அது நல்ல தொகை. போய்க் கேட்டுப் பாருங்கள். முதலில் கைடாக இருக்கும் பேராசிரியரைப் பாருங்கள், நேராகப் பிள்ளைகளிடம் காசு பேசக் கூடாது.

கும்மோணம் டூ ஃபீனிக்ஸ்:

மாட்டின் சினைப்பையிலிருந்து மனித மூளைக்கு வெகுதூரம், அதையும் சொல்லிவிட்டே கொடுங்கள். 2018ல் ஒரு பன்றி மூளையின் இணைப்புகளை முழுசாகக் காப்பாற்றியதற்குப் பரிசு கொடுத்தார்கள். அதிலும் ஃபார்மலின் போலத் திசுவைப் பதப்படுத்துகிற குளூட்டரால்டிஹைடு ஏற்றித்தான் செய்தார்கள், அமைப்பு அப்படியே இருக்கும், உயிரோடு திரும்பாது. நிலைமை இதுதான்.

வெண்ணாற்றங்கரை:

நேற்று ஒன்பது பேரும் உட்கார்ந்தோம். இந்தப் பக்கத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். வாத்தியார்கள் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி, ராத்திரி பதினொன்று வரை விடவில்லை. கடைசியில் ஐந்துக்கு நாலு: இப்போதைக்கு யாரிடமும் உறுப்பினர் கையெழுத்து வாங்குவதில்லை. ஒரத்தநாட்டில் பேசிப் பார்த்து, ஒத்துவந்தால் ஒன்றரை லட்சம் வரை கொடுக்கலாம், என்ன வந்தது, என்ன வரவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதித் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தோற்றால் தோற்றது என்றே எழுத வேண்டும். நான் நாலு பேரில் ஒருவன், இன்னமும் எனக்கு முழு சம்மதம் இல்லை, ஆனால் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வதற்கு ஏதோ ஒன்று கிடைக்கும் போல இருக்கிறது. அவர் வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது 2,000 நோட்டீஸ். மருந்துக்கடைக்காரர் எரித்துவிடச் சொல்கிறார், மனசு வரவில்லை.

சினை ஊசி:

பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் எனக்குக் கொடுத்துவிடு தம்பி. ஊசி போட்ட தேதியும், மறுபடி எப்போது மாட்டை ஓட்டி வர வேண்டும் என்பதும் எழுதிக் கொடுக்கத் தினமும் காகிதம் தேடுகிறேன்.